கியர் பாக்ஸ் பிரிக்கும் கை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பெரும்பாடு படுபவை கீழ்க் கியர்கள்தாம். அப்படி உழைத்துத் தேய்ந்த ஜீப்பின் கியர் பாக்ஸைச் சேந்தமங்கலத்துப் பட்டறையில் பிரிப்பதைப் பார்ப்பது தனிச் சுகம். மூடி திறந்ததும் பழைய ஆயிலின் கந்தக நெடி மூக்கில் ஏறும். டீசலில் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைக்கத் துடைக்கப் பற்கள் வெள்ளியாய் மின்னும். மெக்கானிக் பல்லின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுகிறார். மழுங்கியது எது, இன்னும் ஓடக்கூடியது எது என்று நகம் சொல்லிவிடுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். புதுப் பித்தளை வளையத்தைக் கியரின் கூம்பின்மேல் அழுத்தித் திருகிப் பார்க்கிறார்: கவ்வ வேண்டும், வழுக்கக் கூடாது.

எனக்கு மிகப் பிடித்தது பேரிங் இறக்கும் நேரம். சுத்தியல் தட்டலுக்கு முதலில் கணீரென்று ஒலிக்கும். சரியாக உட்கார்ந்ததும் ஓசை கனத்து, ‘டொக்’கென்று அடங்கும். அந்த ஓசை வரும்வரை அவர் அவசரப்படுவதே இல்லை. பூட்டி முடித்தபின் ஷாஃப்டைக் கையால் சுழற்றிக் காது கொடுக்கிறார். சிறு உரசல் கேட்டாலும் மறுபடி பிரிப்புதான். இரண்டாம் கியர் துள்ளி விழாமல் வண்டி மலையேறிச் செம்மேடு போய்ச் சேர்ந்தால், வேலை சுத்தம்.