எந்த மேசையில் உட்காருவது என்பதே ஆட்டம்

கணினி, போன், மென்பொருள் ஆகியவற்றின் பாதுகாப்பு ஓட்டைகளை மேடையிலேயே உடைத்துக் காட்டிப் பரிசு வெல்லும் போன்-டு-ஓன் போட்டி முடிந்த மறுநாளே இயங்குதள ரசிகர்கள் பட்டியல் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். எது விழுந்தது, எது நின்றது, விழுந்தது எத்தனை நிமிடத்தில் என்பதே பட்டியல். மேக் கட்சி, விண்டோஸ் கட்சி, லினக்ஸ் கட்சி என்று ஆளாளுக்கு ஒரு வரியை அடிக்கோடிட்டுக்கொள்கிறார்கள். 2008-இல் வான்கூவரில் மேக்கும் விண்டோஸ் விஸ்டாவும் விழ, லினக்ஸின் உபுண்டு நின்றதை இன்றைக்கும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்த முடிவுகள் மனப்பாடம் என்பதால் வரிசையாகத் திரும்பச் சொல்லப்போவதில்லை. என் சண்டை முடிவுகளோடு அல்ல, அவற்றைப் படிக்கும் விதத்தோடு. மேடையில் ஓடும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர், ஆட்டம் முடிந்த பிறகு அரங்கத்துக்குள் நுழைந்தவர். எந்த மெஷின் முன்னால் உட்காருவது, எதை விட்டுவிடுவது என்ற ஒரே முடிவில் ஆட்டம் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்திருக்கும்.

‘இரண்டு நிமிடத்தில் மேக்’ என்ற பழைய தலைப்பையே எடுத்துக்கொள்வோம். 2008-இல் அந்த மூன்று இயங்குதளங்களோடு மூன்று லேப்டாப்கள் வைக்கப்பட்டிருந்தன. முதல் நாள் நெட்வொர்க் வழியாக மட்டுமே தாக்கலாம், பரிசு 20,000 டாலர். யாரும் தொடவில்லை. இரண்டாம் நாள் விதி தளர்ந்தது: இயந்திரத்தில் ஏற்கெனவே இருக்கும் மென்பொருளில் ஒரு இணைப்பைத் திறக்கச் சொல்லலாம், பரிசு 10,000. அப்போதுதான் நான் பெயர் சொல்லாமல் பேசப்போகும் ஆட்டக்காரர் மேக்புக் ஏர் முன்னால் வந்து உட்கார்ந்தார். உண்மையில் அந்த இரண்டு நிமிடத்தில் நடந்தது என்ன? ஒரு முகவரி தட்டப்பட்டது, சஃபாரியில் ஒரு பக்கம் திறந்தது, அதற்குள் காத்திருந்த நிரல் ஓடியது. அவ்வளவுதான். ஓட்டையைத் தேடியது, அதைப் பிடிமானமுள்ள தாக்குதலாக மாற்றியது, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது எல்லாமே வீட்டில் முடிந்துவிட்டது. மேடையில் இரண்டு நிமிடமோ இருபது நிமிடமோ, அந்த எண் இயங்குதளத்தின் பலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒத்திகை நன்றாக நடந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். அவர் தேர்வையும் கொஞ்சம் கவனியுங்கள். மூன்று மெஷினுக்கும் ஒரே தொகை. உடைத்தவருக்கு மெஷினும் சொந்தம். மேக்புக் ஏர் அந்த ஜனவரியில்தான் அறிமுகமாகியிருந்தது. குறைந்த உழைப்பு, கூடுதல் பண்டம் என்று கணக்குப் போடத் தெரிந்த எவரும் எங்கே உட்கார்ந்திருப்பார்?

அவருடைய உண்மையான ஆட்டம் தெரிந்தது மறுவருடம். 2008-இல் அவர் கையில் இருந்தது ஒரு ஓட்டை அல்ல, இரண்டு. ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை ஒரு வருடம் முழுக்கப் பத்திரப்படுத்தி, 2009-இல் அதே மேடையில் எடுத்துச் சில நொடிகளில் முடித்தார். ‘சில நொடி’ என்பதை விண்டோஸ் ரசிகர்கள் அப்போது கொண்டாடிய கொண்டாட்டம் இன்னும் ஓயவில்லை. எனக்கோ அந்த நொடிகளைவிட இடையில் கழிந்த பன்னிரண்டு மாதங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. அந்தக் காலத்தில் உலகத்தில் வேறு யாராவது அதே ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கலாம். தயாரிப்பு நிறுவனமே தற்செயலாக அந்த வரியைத் திருத்தி எழுதியிருக்கலாம். போட்டிக்கு முந்தைய வாரம் ஒரு பேட்ச் வந்திருந்தால் கையிலிருந்தது வெறும் காகிதம். கபடியில் நல்ல ரெய்டர் முதல் மூச்சிலேயே ஆளைத் தொட ஓடமாட்டார். எந்த மூலை அசந்திருக்கிறது என்று பார்த்து, பலவீனமான ஆளை அடுத்த ரெய்டுக்கென்று விட்டுவைத்துத் திரும்புவதும் உண்டு. இவர் விட்டுவைத்தது அப்படித்தான். 2010-இல் மூன்றாம் முறையாக அதே மேசை, அதே பிரவுசர். அந்த வாரமே, சில வரி பைதான் நிரலை வைத்துக்கொண்டு 20 ஓட்டைகள் கண்டெடுத்ததாக அறிவித்தார். அவற்றை ஒப்படைக்க மறுத்து, கண்டுபிடிக்கும் வழியை மட்டும் சொல்லிக்கொடுத்தார். மூன்று வருடமும் அவரிடம் இருந்ததில் மேடைக்கு வந்தது மிகக் கொஞ்சம். மேடையில் விழுந்ததை மட்டும் எண்ணுகிறவர்கள், கையில் மீந்ததை எண்ணுவதே இல்லை.

இங்கே விண்டோஸ் நண்பர்கள் கையைத் தூக்குவார்கள். மேக்கில் எளிது என்று அந்த ஆட்டக்காரரே வெளிப்படையாகச் சொன்னாரே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நியாயமான கேள்விதான். அவர் சொன்னது பொய்யும் அல்ல. தாக்குகிறவருக்கு நினைவகத்தில் எது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அந்த இடங்களை ஒவ்வொரு முறையும் கலைத்துப்போடும் ஏற்பாடு 2007-இல் வெளியான விஸ்டாவிலேயே வந்துவிட்டது. அதே வருடம் வந்த மேக் பதிப்பு நூலகக் கோப்புகளை மட்டும் இடம் மாற்றிவிட்டு, மற்றதை அப்படியே விட்டிருந்தது. முழுமையாகக் கலைக்கும் ஏற்பாடு அங்கே வந்தது 2011-இல். ஆக, அவருடைய தேர்வுக்குள் ஒரு உண்மைத் தகவல் இருந்தது. ஆனால் அது குறிப்பிட்ட பதிப்புக்கு, குறிப்பிட்ட பிரவுசருக்கு, கடைசிப் படியின் உழைப்பு எவ்வளவு என்ற தகவல். அதற்குக் காலாவதித் தேதியும் இருந்தது. அதை ஒரு இயங்குதளத்தின் குணம், குலம், கோத்திரம் என்று நீட்டுவது ரசிகர் வேலை. 2008-இன் மூன்றாம் நாளையும் கொஞ்சம் பாருங்கள். வெளி மென்பொருளுக்கு அனுமதி கிடைத்ததும் விஸ்டா விழுந்தது. விழவைத்தது ஃப்ளாஷில் இருந்த ஒரு ஓட்டை. விஸ்டாவின் காப்பைச் சுற்றிப் போவதற்கு ஜாவா உதவியது. அந்த வழி மற்ற மெஷின்களுக்கும் செல்லுபடியாகும் என்று உடைத்தவரே சொன்னார். அதை விஸ்டா கணக்கில் எழுதினோம், ஏனென்றால் அவர் உட்கார்ந்தது அந்த மேசையில். பக்கத்து நாற்காலியை இழுத்திருந்தால் வேறு கட்சி தலைகுனிந்திருக்கும்.

என் சாய்வு லினக்ஸ் பக்கம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். மறைக்கிற வழக்கமும் இல்லை. அதனாலேயே எங்கள் ஆட்கள் தூக்கிச் சுமக்கும் அந்த உபுண்டு லேப்டாப்பைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. 2008-இல் அது கடைசிவரை நின்றது உண்மை. ஆனால் அதை எதிர்த்து யார் ஆடினார்கள்? அதில் ஓட்டை தெரிந்தவர்கள் அரங்கில் இருந்தார்கள், அதைத் தாக்குதலாக உருட்டித் திரட்டும் உழைப்பைப் போட அவர்களுக்கு மனமில்லை என்று ஏற்பாட்டாளர்கள் தரப்பே அப்போது பேசியது. யாரும் வராத மேசை காலியாகத்தானே இருக்கும். மறுவருடத்திலிருந்து லினக்ஸ் லேப்டாப்பே இலக்குகளில் இல்லை. ஆடாத அணியின் தோல்வியின்மையைப் பல வருடம் கொண்டாடிக்கொண்டிருந்தோம். 2017-இல் உபுண்டு மீண்டும் பட்டியலுக்குள் வந்தது, 15,000 டாலர் பரிசோடு. முதல் நாளே விழுந்தது. அதற்காக லினக்ஸ் ஒரே இரவில் மோசமாகிவிட்டது என்று பொருளா? இல்லை. தொகை வந்தது, ஆள் வந்தார்.

தொகை என்பதுதான் ரசிகர்கள் படிக்காமல் தாண்டும் பக்கம். முடிவுப் பட்டியலைவிடப் பரிசுப் பட்டியல் அதிகம் பேசும் என்பது என் கட்சி. 2013-இல் விண்டோஸ் 7 மீது குரோமை உடைத்தால் 100,000 டாலர், அதே விண்டோஸ் 7 மீது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9-ஐ உடைத்தால் 75,000, ஃபயர்ஃபாக்ஸை உடைத்தால் 60,000. மேக் மீது சஃபாரிக்கு 65,000. இயங்குதளம் ஒன்றே, பிரவுசர் மாறினால் விலை ஒன்றரை மடங்கையும் தாண்டுகிறது. ‘விண்டோஸா மேக்கா’ என்று கத்துகிற கூட்டம் இந்த நான்கு எண்களை ஒருமுறை உற்றுப் பார்த்தால் போதும். போனுக்கு வந்தால் நிலைமை இன்னும் வேடிக்கை. 2023-இல் டொரண்டோவில் நடந்த போன்-டு-ஓனில் ஒரு ஆண்ட்ராய்டு போன் பலமுறை விழுந்தது. அதே போட்டியில் இன்னொரு ஆண்ட்ராய்டு போனையும் ஐபோனையும் உடைக்க ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. ஒரே குடும்பத்தில் ஒரு பிள்ளை அடி வாங்க, மற்றதை யாரும் சீண்டாத இடத்தில் ‘ஆண்ட்ராய்டு தோற்றது’ என்று எழுத எப்படி மனசு வருகிறது?

அப்படியானால் யாரும் உட்காராத நாற்காலியே பலத்துக்குச் சான்றுதானே என்று ஐபோன் ரசிகர் கேட்பார். இதுவே எனக்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது. பாதி சரி என்று ஒப்புக்கொள்கிறேன். அரிய சரக்குக்குத்தான் விலை ஏறும். ஆனால் விலையை ஏற்றுவது அருமை மட்டுமல்ல, வாங்குகிறவரின் பசியும்தான். போட்டி மேடை சில லட்சம் டாலர் தரும்போது, வெளியே ஒரு தரகு நிறுவனம் 2019-இல் பகிரங்கமாகப் போட்ட விலை: பயனர் எதையும் தொடாமலே ஆண்ட்ராய்டைக் கைப்பற்றும் முழுத் தாக்குதல் தொடருக்கு 25 லட்சம் டாலர் வரை, ஐபோனுக்கு 20 லட்சம் வரை. சந்தையில் ஐபோன் சரக்கு குவிந்துவிட்டது என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். ஆண்ட்ராய்டு முகாம் அன்றைக்கு வெடி வெடித்தது. அந்த விலைக்குச் சரக்கு வைத்திருப்பவர் மேடைக்கு வந்து, கைதட்டலோடு அதைத் தயாரிப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போவாரா? வராமல் இருந்தது பலம் கண்ட பயமா, வெளியே கிடைத்த காசா என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்லவே முடியாது. மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. 2018-இல் சீன ஆட்டக்காரர்கள் வெளிநாட்டுப் போட்டிகளுக்கு வருவது நின்றுபோனது. அதுவரை பிரவுசர், போன் மேசைகளில் பெரும் கையாக இருந்தவர்கள் அவர்கள். மேடை வெளிறியது. ரசிகர்களோ ‘பாதுகாப்பு உயர்ந்துவிட்டது’ என்று எழுதினார்கள். அதே ஆண்டு நவம்பரில் செங்டுவில் தொடங்கிய தியான்ஃபு கோப்பையில் ஐபோன் X விழுந்தது. ஆட்டம் ஊர் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இனி என்ன நடக்கும்? சேர்த்துவைத்து ஆடும் அந்தப் பழைய பாணிக்கு நாள் எண்ணப்படுகிறது என்பது என் கணிப்பு. ஓட்டை தேடும் வேலையில் இயந்திரங்கள் இறங்கிவிட்டன. 2024-இல் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு ஓட்டையைக் கூகுளின் செயற்கை நுண்ணறிவுக் கருவி, அது வெளியீட்டுக்குப் போகும் முன்பே பிடித்தது. ஒரு வருடம் பையில் போட்டுவைத்தால் அந்தப் பைக்குள் வேறு யாருடைய கருவியாவது கையை நுழைத்துவிடும். ஆகவே ஒரே ஓட்டையோடு இரண்டு அணிகள் மேடைக்கு வந்து நிற்பது பெருகும். பின்னால் வந்தவருக்குக் குறைந்த பரிசும் கசப்பும். யார் முதலில் ஆடுவது என்று தீர்மானிக்கும் குலுக்கலில் முதலில் வரும் அதிர்ஷ்டம் இன்னும் கனமாகும், அதையும் ரசிகர்கள் திறமை என்றே வாசிப்பார்கள். போன் மேசைகள் மேலும் காலியாகும். நினைவகத்துக்கு அடையாளக் குறியிட்டுக் காவல் காக்கும் ஏற்பாடு 2023-இல் பிக்சல் 8-க்கும், 2025-இல் ஐபோன் 17-க்கும் வந்துவிட்டது. இது உண்மையான முன்னேற்றம், இதை நான் விலைக்கணக்கில் சேர்த்துத் தள்ளமாட்டேன். ஆனால் அடுத்த சில போட்டிகளில் கூட்டம் சேரும் இடம் வேறு. 2025-இல் வான்கூவரை விட்டுப் பெர்லினுக்குப் போன போட்டியில் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களுக்குத் தனிப் பிரிவு திறந்தார்கள். புதிதாய் அவசரத்தில் எழுதிய நிரல், யாரும் இன்னும் ஆழமாகத் தோண்டாத மண். நம் ஆட்டக்காரரின் வாரிசு யாராக இருந்தாலும் அங்கேதான் நாற்காலி போடுவார். அந்த மேசைக்கு இன்னும் ரசிகர் கட்சியும் கிடையாது.

இன்னொரு கணிப்பு, இதில் கொஞ்சம் பந்தயம் கட்டவும் தயார். படத்தை விரிக்கும் நூலகம் போன்ற சிறு துண்டுகளை எல்லா இயங்குதளங்களும் பகிர்ந்துகொள்கின்றன. 2023-இல் வெப்பி படக் கோப்புக்கான நூலகத்தில் வெளிப்பட்ட ஓட்டை எத்தனை பிரவுசர்களை, எத்தனை செயலிகளை ஒரே வாரத்தில் பேட்ச் தேடி ஓடவைத்தது என்று நினைவிருக்கும். சில வருடங்களுக்குள் யாரோ ஒருவர் அப்படியொரு பொதுத் துண்டில் கிடைத்த ஒரே ஓட்டையோடு வந்து, மேசை மேசையாக ஏறி இறங்குவார் என்று நினைக்கிறேன். எந்த மேசையில் தொடங்குவார்? பரிசுத் தொகை பெரிதாக இருக்கும் மேசையில்தான். விண்டோஸும் மேக்கும் முன்னால் வரும். லினக்ஸுக்குத் தொகை குறைவு என்பதால் பட்டியலின் வாலில் நிற்கும், ஒருவேளை நேரம் போதாமல் விட்டும் போவார். விட்டுப் போனால் என் கட்சிக்காரர்கள் மறுநாள் காலை என்ன எழுதுவார்கள் என்பதற்குத் தனிக் கணிப்பு தேவையில்லை.