பேரும் இடமும்: காரைக்காலம்மையாரும் ‘அடையாளம்’ என்னும் கலைச்சொல்லும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் யார் என்பதைப் பேச ஆங்கிலத்தில் வழங்கும் ஐடென்டிட்டி, செல்ஃப், சப்ஜெக்ட், பெர்சன் முதலிய சொற்கள் தமிழ்த் திறனாய்வில் அடையாளம், சுயம், தன்னிலை, ஆளுமை எனத் தமிழாக்கம் பெற்றுள்ளன. திருவாலங்காட்டைப் பாடிய காரைக்காலம்மையாரின் பனுவல்களை இச்சொற்களைக் கொண்டு வாசிக்கும்போது விளையும் பயனையும் இழப்பையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அம்மையார் தம்மைச் சுட்டப் பயன்படுத்தும் ஊர்ப்பெயர், கணப்பெயர், தன்மைப் பன்மை ஆகியவை, ‘யார்’ என்னும் வினாவை ‘எவ்விடத்தவர்’, ‘எவருக்கு என்ன முறையினர்’ என்னும் வினாக்களின் வழியே அணுகுகின்றன என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: காரைக்காலம்மையார், திருவாலங்காடு, அடையாளம், தன்னிலை, பேய், மூவிடம்.

முன்னுரை

திருத்தணி வட்டத்தில் அமைந்த திருவாலங்காடு, கூத்தப்பெருமானின் ஐந்து அவைகளுள் இரத்தின சபை எனப் போற்றப்படும் தலம். காரைக்காலில் வணிகர் மகளாகப் பிறந்த ஒருவர் எலும்புருக் கொண்டு வந்தமர்ந்து பாடிய இடமாகவும் சைவ மரபு இதனைக் கொள்கிறது. அவர் பாடியனவாகப் பதினோராம் திருமுறையில் நான்கு நூல்கள் இடம்பெற்றுள்ளன. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு, திருவிரட்டை மணிமாலை, அற்புதத் திருவந்தாதி என்பன அவை.

பெண் எழுத்து, உடல், துறவு ஆகியவை ஆய்வுப்பொருள்களான பின்னர் அம்மையாரைப் பற்றிய கட்டுரைகள் பெருகின. அவற்றில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு: பேயுரு வேண்டியபோது புனிதவதி தம் அடையாளத்தை இழந்தாரா, புதிய அடையாளத்தைப் பெற்றாரா? இழந்தார் என்போர் அவரைக் குடும்ப அமைப்பின் பலியாகக் காண்கின்றனர். பெற்றார் என்போர் அதனை மீறியவராகக் காண்கின்றனர். இரு தரப்பும் ஒரே கருதுகோளின்மேல் நிற்கின்றன. அடையாளம் என்பது ஒருவர் உடைமையாக வைத்திருக்கும் பொருள், அதனை இழக்கலாம், பெறலாம் என்பதே அக்கருதுகோள். இது அம்மையாரின் பாடல்களிலிருந்து வந்ததா, வினாவைத் தொடுக்கும் கலைச்சொல்லிலிருந்து வந்ததா என்பது ஆராயத்தக்கது.

ஆங்கிலச் சொற்களின் பின்புலம்

ஐடென்டிட்டி என்னும் சொல் ‘அதுவே’ எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. நேற்றிருந்ததும் இன்றிருப்பதும் ஒன்றே என்னும் ஒருமையே அதன் அடிப்பொருள். ஜான் லாக் தம் மனித அறிவு பற்றிய நூலின் 1694ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் இப்பொருள் குறித்துத் தனி இயல் ஒன்றைச் சேர்த்தார். வெவ்வேறு காலங்களிலும் இடங்களிலும் தன்னைத் தானாகவே கருதவல்ல உணர்வே ஒருவரை அவராக்குகிறது என்பது அவர் முடிவு. இளவரசன் ஒருவனின் உயிர் அவன் நினைவுகளோடு செருப்புத் தைப்பவன் உடலில் புகுந்தால் அங்கிருப்பவன் யார் என்று அவர் வினவினார். நினைவு தொடர்வதால் அவன் இளவரசனே என்பது அவரது விடை. பெர்சன் என்னும் சொல்லை அவர் வழக்குமன்றச் சொல்லாகவே கண்டார். செய்த வினைக்குப் பொறுப்பேற்பவர் யார் என்று உறுதிசெய்ய அது தேவைப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் எரிக் எரிக்சன் முதலியோர் வழியாக இச்சொல் உளவியலுக்குள் வந்தது. பின்னர் இனம், பால், மொழி சார்ந்த அரசியலுக்குள்ளும் பரவியது. ‘அதுவாகவே இருத்தல்’, ‘தானாக இருத்தல்’ என்னும் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்குவது குழப்பம் தரும் என்பதைப் பால் ரிக்கோர் 1990இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே தீராத சிக்கல் இருப்பது இதனால் விளங்கும். அச்சிக்கலோடுதான் அது தமிழுக்கு வந்து சேர்ந்தது.

தமிழாக்கத்தில் நிகழ்ந்தவை

அடையாளம் என்பது தமிழில் பழைய சொல். ஒன்றை இன்னதென அறிய உதவும் குறி என்பது அதன் பொருள். இராமன் அனுமனிடம் கொடுத்தனுப்பிய கணையாழி ஓர் அடையாளம். அது சீதைக்கு அனுமனை நம்பத்தக்கவனாகக் காட்டியது. அனுமனின் உள்ளியல்பு அந்த மோதிரத்தில் இல்லை. அடையாளம் காட்டுவதற்கு எப்போதும் காண்பவர் ஒருவர் தேவை. ஐடென்டிட்டி என்பதற்கு நிகராக இச்சொல்லை நிறுத்தியபோது, பிறர் காணும் புறக்குறியும் தன்னுள் மாறாது நிற்கும் ஒருமையும் ஒரே சொல்லுக்குள் கலந்தன. ‘புனிதவதி அடையாளத்தை இழந்தார்’ என்னும் தொடரில் இழந்தது புறக்குறியா, உள்ளொருமையா என்பது இக்கலப்பினால் தெளிவாவதில்லை.

பெர்சன் என்னும் சொல்லின் இலக்கணப் பயன்பாடு மேலும் கருதத்தக்கது. ஆங்கில இலக்கணம் பெர்சன் என்று வகுப்பதைத் தமிழ் இலக்கணம் ‘இடம்’ என்று வகுக்கிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகியவை தொல்காப்பியம் தொட்டு மூவிடங்கள். பேசுபவர் நிற்பது ஓர் இடம்; கேட்பவர் நிற்பது மற்றோர் இடம்; பேசப்படுவது வேறோர் இடம். தன்மை என்னும் சொல் இயல்பையும் குறிக்கிறது, பேசும் இடத்தையும் குறிக்கிறது. பேச்சு நகரும்போது இடம் மாறும். நேற்றுத் தன்மையில் நின்றவர் இன்று படர்க்கையில் நிற்பார். அதனால் எவரும் இல்லாமற்போவதில்லை.

மூன்று பெயர்கள், மூன்று வாய்கள்

புனிதவதி என்னும் பெயர் அம்மையாரின் நான்கு நூல்களில் எங்கும் இல்லை. மாங்கனியும் இல்லை; கணவன் பரமதத்தனும் இல்லை. அவை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின் வழி நமக்குக் கிடைப்பவை. அப்பெயர் பிறந்த வீடு இட்டது. மனைவியைத் தெய்வமென அஞ்சி விலகிய பரமதத்தன், பாண்டி நாட்டில் மணந்த மற்றொருத்தியிடம் பிறந்த மகளுக்கு அதே பெயரை இடுகிறான். ஒரே பெயர் இரு உடல்களுக்கு உரியதாகும் இந்நிகழ்ச்சிக்குப் பின்னர்தான் அம்மையார் உடலைக் கழிக்கிறார். பெயர் மகளிடம் சென்றுவிட்டது; பெயருக்குரியவர் எஞ்சியிருக்கிறார்.

உடலைக் கழிக்கும் வேண்டுதலில் சேக்கிழார் ஆளும் சொல் ‘தசைப்பொதி’. கணவனுக்காகத் தாங்கிய சுமை அது என்பது பொருள். பொதி என்பது வணிகரின் சொல். வணிகர் குலத்துப் பெண், வாங்குவோன் விலகியபின் இறக்கிவைக்கும் சரக்கைப்போல உடலைப் பேசுகிறார். இங்கு உடல் தாம் அன்று, தாம் சுமந்தது. உடலே அடையாளம் என்னும் கருதுகோளோடு நுழையும் வாசிப்பு இச்சொல்லைக் கடந்து சென்றுவிடுகிறது.

அம்மை என்னும் பெயரைச் சேக்கிழாரின் கதையில் இறைவன் இடுகிறான். தலையால் நடந்து கயிலை ஏறிவரும் எலும்புருவைக் கண்டு உமை வினவுகிறாள். இறைவனின் விடையில் குலமும் ஊரும் இயற்பெயரும் இல்லை. தம்மைப் பேணும் அம்மை என்பதே விடை. ‘யார்’ என்னும் வினாவுக்கு முறைப்பெயர் விடையாகிறது. அவன் அம்மை என்றழைக்க, அவர் அப்பன் என்று விடையிறுக்கிறார். ஒருவர்க்கொருவர் தாயும் தந்தையுமாகும் இவ்வழைப்பில் இருவர் நிற்கும் இடமும் உறவால் உறுதியாகிறது.

மூன்றாவது பெயர் அவரே இட்டுக்கொண்டது. மூத்த திருப்பதிகங்களின் இறுதியிலும் அற்புதத் திருவந்தாதியின் இறுதியிலும் அவர் தம்மைக் காரைக்காற்பேய் என்கிறார். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவரைப் ‘பேயார்’ என்றே சுட்டுகிறார். பேய் என்பதோடு உயர்வுப் பன்மை விகுதி சேர்ந்த இவ்வடிவம், அவர் தேர்ந்த பெயரை அடியார் மரபு மாற்றாமலே ஏற்று மதித்ததைக் காட்டுகிறது.

காரைக்காற்பேய் என்பதில் பேய் மட்டும் இல்லை, காரைக்காலும் இருக்கிறது. பாடுவது ஆலங்காட்டை, கையொப்பம் பிறந்த ஊரின் பெயரால். தந்தை இட்ட பெயரும் கணவன் வீடும் கழிந்தபின்னரும் ஊர் கழியவில்லை. முழுவதும் இழந்தார் என்னும் வாசிப்புக்கும் முற்றிலும் புதியவரானார் என்னும் வாசிப்புக்கும் இவ்வூர்ப்பெயர் இடம் தருவதில்லை.

ஆலங்காட்டுப் பேயின் வாழ்வு

பேய் என்பதை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் டீமன் என்றும் கூல் என்றும் எழுதுகின்றனர். எலைன் கிரேடாக் 2010இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே டீமன் என்னும் சொல் உள்ளது. டீமன் கிரேக்கத்தில் தோன்றிக் கிறித்தவச் சமயச் சூழலில் இறைவனுக்குப் பகையான தீய ஆவி என்னும் பொருளில் நிலைத்தது. கூல் பிணந்தின்னும் பூதத்தைச் சுட்டும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் மனிதரினின்று முற்றிலும் வேறான ஒன்றைக் குறிப்பன. இப்பெயர்ப்பிலிருந்து மீண்டும் தமிழுக்கு வரும் திறனாய்வு, பேயுருவை மனித அடையாளத்தின் அழிவாகப் பேசுவது இயல்பே.

மூத்த திருப்பதிகம் காட்டும் பேய்கள் அத்தகையன அல்ல. முதற் பாடலில் மார்பு வற்றி நரம்பு எழுந்து நிற்பது ‘ஒரு’ பெண்பேய், பலவற்றுள் ஒன்று. அடுத்ததில் ஒரு பேய் சுடலையின் கொள்ளியை எடுத்து மசித்து மையாகத் தீட்டிக்கொள்கிறது. பிறிதொரு பாடலில், நிணம் விழுங்கித் தலைமாலை பூண்ட பேய் தன் பிள்ளைக்குக் காளி என்று பெயரிட்டு வளர்க்கிறது. புழுதி துடைத்துப் பாலூட்டிவிட்டுப் போகிறது. தாயைக் காணாத பிள்ளை அழுது உறங்கிவிடுகிறது. ஒப்பனை, பெயரிடல், தாய்மை, பிரிவு என வீட்டில் நிகழ்பவை யாவும் சுடுகாட்டிலும் நிகழ்கின்றன. காரைக்காலில் மறுக்கப்பட்டவை ஆலங்காட்டில் அஞ்சத்தக்க உருவில் மீண்டும் தோன்றுகின்றன. பேய் உறவுகளுக்கு அப்பாற்பட்ட உயிராக இங்கு இல்லை.

‘ஒரு பெண்பேய்’ எனப் படர்க்கையில் தொடங்கும் பதிகம் காரைக்காற்பேய் எனப் படர்க்கையிலேயே முடிகிறது. கண்ட பேயும் பாடிய பேயும் ஒன்றா என்பதைப் பாடல் சொல்வதில்லை. தாம் காணும் கூட்டத்துள் தாமும் ஒருவர் என்னுமளவே தெரிகிறது.

எங்கள், நாம், இடம்

முதற் பதிகத்தின் பாடல்கள் ஆலங்காட்டை அப்பனின் ‘இடம்’ எனச் சொல்லி முடிகின்றன. முதற் பாடலில் அவன் ‘எங்கள்’ அப்பன். அற்புதத் திருவந்தாதியின் பிற்பகுதி வெண்பா ஒன்றில் பேய்க்கணத்துள் ஒன்றாகிவிட்டவராகத் தம்மைக் கூறுமிடத்தும் ‘நாம்’ என்கிறார். அச்சொல் அந்தாதித் தொடைக்கும் உதவுகிறது என்பது உண்மை. யாப்பின் தேவையும் பொருளின் தேவையும் அங்கே பொருந்திவருகின்றன. இலக்கணத்தார் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். பேசுபவர் பிறரையும் தம்மோடு உளப்படுத்தும் வழக்கு அது. இதனை ‘தன்னிலை’ என்னும் ஒருமைச்சொல்லால் விளக்கும்போது கணம் மறைந்து தனியாள் மட்டும் எஞ்சுகிறார்.

அதே அந்தாதியின் தொடக்க வெண்பா, பிறந்து மொழி பயின்ற பின்னெல்லாம் இறைவன் அடியைச் சேர்ந்ததாகச் சொல்கிறது. தம் தொடர்ச்சியை அவர் கணக்கிடுவது மொழி கற்ற பொழுதிலிருந்து. லாக் சொல்லும் நினைவின் தொடர்ச்சியை இது ஓரளவு ஒத்தது. ஆயினும் அத்தொடர்ச்சி தன்னைத் தான் கருதும் உணர்வால் அமையவில்லை. முன்னிலையில் நிற்கும் ஒருவன்மேல் கொண்ட காதலால் அமைகிறது. சேக்கிழாரின் அம்மையார் கயிலையில் இறுதியாக வேண்டுவதும் ஓர் இடமே: இறைவன் ஆடும்போது அவன் அடியின்கீழ்ப் பாடியிருக்கும் பேறு. அவ்விடம் ஆலங்காட்டில் கிடைக்கிறது. அவர் தலையால் நடந்த ஊரைக் காலால் மிதிக்க ஞானசம்பந்தர் அஞ்சினார் என்று பெரியபுராணம் சொல்லும்போது, அந்த இடமே அம்மையாராகிவிடுகிறது.

ஒரு மறுப்பும் அதன் அளவும்

கலைச்சொற்கள் அயல்மொழி வழியே வந்தன என்பதால் மட்டும் தள்ளத்தக்கனவாகா. பெண்ணியத் திறனாய்வு இச்சொற்களைக் கொணர்ந்திராவிடில், கணவனின் அச்சம் ஒரு பெண்ணின் வாழ்வை முறித்தது என்பது தெய்வச்செயலாகவே வாசிக்கப்பட்டு வந்திருக்கும். புராணம் பேசும் பெண்ணும் பாடல் பேசும் குரலும் ஒன்றல்ல என்னும் வேறுபாடும் உரிய கவனம் பெற்றிராது. அடையாளம் என்னும் சொல் வினாவைத் திறந்தது; இழந்தாரா, பெற்றாரா என்னும் இரண்டே விடைகளோடு அதனை மூடிவிட்டதே அதன் குறை. பனுவல் தரும் விடை இரண்டினும் வேறானபோது, பனுவலின் சொற்களால் வினாவைத் திருத்துவதே திறனாய்வின் கடன்.

முடிவுரை

காரைக்காலம்மையார் யார் என்னும் வினாவுக்கு மரபு நான்கு வகையாக விடை சொல்கிறது. வீடு இயற்பெயரால் சொல்கிறது. இறைவன் முறைப்பெயரால் சொல்கிறான். அடியார் பேயார் என மதிப்போடு சொல்கின்றனர். அவரே ஊரையும் கணத்தையும் சேர்த்துச் சொல்கிறார். இவற்றுள் எதுவும் மாறாத உள்ளொருமையைத் தேடுவதில்லை. ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் நின்று, எதிரில் நிற்பவரை நோக்கிச் சொல்லப்படுவது. தன்மை, இடம், முறை, கணம், பொதி என்னும் சொற்களைக் கலைச்சொல் நிலைக்கு உயர்த்தி அடையாளம், தன்னிலை என்பனவற்றோடு எதிரெதிர் நிறுத்தினால், இரு தொகுதிகளும் ஒன்றன் எல்லையை மற்றொன்று காட்டும். புனிதவதி இழந்ததை முதல் தொகுதி மட்டும் சொல்லாது; காரைக்காற்பேய் விடாது வைத்திருந்ததை இரண்டாம் தொகுதி மட்டும் சொல்லாது.