காற்றுக்கு எதிரே சாயும் இருவர்
ஐந்து மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளமுடைய ‘ஃபார்ட்டிநைனர்’ என்னும் பாய்மரப் பந்தயப் படகில் சுக்கான் பிடிப்பவரும், பெரிய பாயின் கயிற்றை இழுத்தும் தளர்த்தியும் ஆள்பவருமாக இருவரே செல்வர். காற்று படகைச் சாய்க்கும்போது, பாய்மரத்திலிருந்து இறங்கும் கம்பியில் இடுப்புக் கச்சையைக் கொளுவி, விளிம்புக்கு வெளியே உடலைக் கிடத்தி அவர்கள் அதனை நிமிர்த்துகின்றனர். காற்றை நேரே எதிர்த்துப் பாய்மரப் படகு செல்ல இயலாதாகையால், இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்வாகவே முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் இருவரும் ஒருசேர உள்ளே வந்து, பாயின் கீழ்க் குனிந்து கடந்து, மறுபுறக் கம்பியில் தொங்குவதே இக்கலையின் மிக அழகிய கணம். சென்னைக் கடலில் பயின்ற வருண் தக்கரும் கே. சி. கணபதியும் இவ்வகைப் படகில் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்று, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் போட்டியிட்டனர்.