கீறல் விழாத குட்டி வண்டி

பழைய வண்டியைப் புதுசாக்கும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'ஒண்ணே ஒண்ணு பார்த்துட்டுத் தூங்கிடலாம்' என்று ஆரம்பித்து, ராத்திரி ஒன்றரை மணிக்கு ஏழாவதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இந்த விஷயத்தில் வீட்டில் தவறாமல் திட்டு வாங்குகிறவன் என்ற தகுதியில் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் கதை ஒன்றுதான். அமெரிக்காவில் ஏதோ ஒரு கொட்டகை. தார்ப்பாயை விலக்கினால் ஒரு குட்டி மோட்டார்சைக்கிள். மேலெல்லாம் துரு, சிலந்திக்கூடு, காற்றில்லாத டயர். கையுறை போட்ட இரண்டு கைகள் வருகின்றன. முகம் கிடையாது, பேச்சு கிடையாது. ஸ்பேனர் சத்தம் மட்டும். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி வரிசையாக அடுக்குகிறார்கள். மணலைப் பீய்ச்சித் துருவை எடுக்கிறார்கள். பிரைமர், பெயின்ட், பளபளவென்று லாக்கர். டாங்க்கில் ஒரிஜினல் ஸ்டிக்கரைத் தண்ணீர் தடவி ஒட்டும்போது நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். கடைசியில் ஒரு உதை. டூ ஸ்ட்ரோக்குக்கே உரிய நீலப் புகை. சுபம்.

சமீபத்தில் பார்த்தது யமஹா பிடபிள்யூ 50. அப்பா ஒருவர் தன் 5 வயது மகளுக்காகச் செய்தது என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். 30 நிமிட வீடியோவில் பெயின்ட் வேலைக்கே 10 நிமிடம். அந்த மகள் வருவது கடைசி இருபது செகண்ட். புல்தரையில் ஒரு சுற்று. அப்பா கையை நீட்டிக்கொண்டே பின்னால் ஓடுகிறார். அந்தக் கை பிள்ளையைப் பிடிக்க நீண்டதா, வண்டியைப் பிடிக்க நீண்டதா? மூன்று தடவை ரீவைண்ட் பண்ணிப் பார்த்தேன். தெரியவில்லை.

என் புகார் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1980களின் தொடக்கத்தில் வந்தது. நாற்பது வருடம் தாண்டியும் உருவத்தில் பெரிய மாற்றமில்லை. 49 சிசி, டூ ஸ்ட்ரோக். சீட் உயரம் 47 சென்டிமீட்டரும் சொச்சமும். அதாவது ஒன்றரை அடி. எடை ஏறக்குறைய 40 கிலோ. கியர் மாற்ற வேண்டாம், கிளட்ச் பிடிக்க வேண்டாம். பிரேக் இரண்டும் சைக்கிள் மாதிரி கையிலேயே. செயின் கிடையாது, பின்சக்கரத்தை ஷாஃப்ட் சுழற்றுகிறது. குட்டி விரல் மாட்டிக்கொள்ள இடமே வைக்கவில்லை.

இன்னும் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரில் ஒரு ஸ்க்ரூ. அதைத் திருகி வைத்தால், பிள்ளை என்னதான் முறுக்கினாலும் ஓரளவுக்கு மேல் திறக்காது. பிள்ளை தேறத் தேற, அப்பா ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தலாம். புகைக்குழாயில் வேகத்தை அடக்க ஒரு வளையம். ஸ்விட்சில் ஸ்டார்ட் செய்வதற்கென்றே தனியாக ஒரு நிலை. அதில் வைத்து உதைத்தால், பிள்ளை தெரியாமல் முறுக்கிவிட்டாலும் வண்டி பாய்ந்து ஓடாது.

கவனித்தீர்களா? இதை வடிவமைத்த ஆசாமி, பிள்ளை விழும் என்பதை ஒப்புக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்திருக்கிறார். முறுக்கக்கூடாத நேரத்தில் முறுக்கும், பயந்தால் பிரேக்கை மறக்கும், வண்டியைக் கீழே போடும். எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்தக் குட்டி வண்டி, கற்றுக்கொள்பவரின் தப்புகளுக்காகவே எழுதப்பட்ட ஒரு புத்தகம்.

அந்தப் புத்தகத்துக்குத் தங்க அட்டை போட்டு, கண்ணாடி அலமாரியில் வைப்பதைத்தான் இந்த வீடியோக்கள் செய்கின்றன.

இருபது வருடம் கொட்டகையில் கிடந்த டூ ஸ்ட்ரோக்குக்கு உண்மையில் என்ன வியாதி வரும் என்று எந்த மெக்கானிக்கையும் கேளுங்கள். பெயின்ட் என்று சொல்ல மாட்டார். முதலில் கிராங்க்கின் இரு பக்கமும் இருக்கும் ஆயில் சீல். ரப்பர் இறுகிப்போய் வெடித்திருக்கும். அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி, ஒரு நாள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஆயில் பம்ப். டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சினின் உயிர், பெட்ரோலோடு சேர்ந்து எரியும் அந்த ஆயிலில் இருக்கிறது. பம்ப் மக்கர் செய்தால் எஞ்சின் கதை முடிந்தது. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகி, ஜெட்டின் மெல்லிய துளையை அடைத்திருக்கும்.

இதெல்லாம் வண்டியின் உயிர். பிள்ளையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. ஆக்ஸிலேட்டர் கேபிள் உள்ளே துருப்பிடித்திருந்தால், கையை விட்டாலும் திரும்பி வராது. ஐந்து வயதுப் பிள்ளை அப்போது என்ன செய்யும்? பிரேக் ஷூ கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருந்தால்? டயரில் பட்டன் பட்டனாகப் பள்ளம் இருந்தும், ரப்பர் கல்லாகிப் பிடிமானம் போயிருந்தால்?

நான் பார்த்த வீடியோவில் கேபிளுக்குக் கிடைத்தது நான்கு செகண்ட். பிரேக் ஷூவைக் காட்டவே இல்லை. பிரேக் லீவருக்குப் பாலிஷ் போட்டதைக் காட்டினார்கள். போதாக்குறைக்கு, புகைக்குழாயில் இருந்த அந்த வளையத்தைக் கழற்றித் தூரப் போட்டார்கள், 'நல்லா இழுக்கட்டும்' என்று. யாருக்கு நல்லா இழுக்க வேண்டும், ஐயா? ஓட்டப் போவது இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாத ஒரு பெண்.

இந்த இடத்தில் ஒரு பழைய சினிமாவை உங்களுக்குச் சிபாரிசு செய்ய வேண்டும். 'ஆன் எனி சண்டே', 1971. ப்ரூஸ் பிரவுன் எடுத்த டாக்குமென்டரி. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம். ஆரம்பமே சின்னப் பையன்கள் சைக்கிளில் மண்மேட்டில் ஏறி, மோட்டார்சைக்கிள் பந்தயம் மாதிரி பாவனை செய்து, விழுந்து புரளுகிற காட்சி. அதைப் பார்த்த பையன்களெல்லாம் தெருவுக்கு ஓடி வந்துதான் பிஎம்எக்ஸ் என்ற விளையாட்டே பரவியது என்பார்கள். ஸ்டீவ் மெக்வீன் வருகிறார். அவ்வளவு பெரிய ஸ்டார், ஹார்வி மஷ்மன் என்று பொய்ப்பெயர் கொடுத்துவிட்டு, நூற்றுக்கணக்கான பேரோடு புழுதி குடித்துப் பந்தயம் ஓட்டுகிறார். மெர்ட் லாவில் என்ற சாம்பியன், வண்டி மாற்றி மாற்றிக் காலை வார, பட்டத்தை இழக்கிறார். கடைசியில் மெக்வீன், லாவில், மால்கம் ஸ்மித் மூன்று பேரும் கடற்கரையில் வண்டியைப் பறக்க விட்டுச் சிரிக்கிறார்கள்.

படம் முழுக்க ஒரு பளபளப்பான வண்டி என் நினைவில் நிற்கவில்லை. சேறு நிற்கிறது. சிரிப்பு நிற்கிறது. கொட்டகைகளிலிருந்து இன்று வெளியே எடுக்கப்படும் குட்டி வண்டிகள் பலவும் அந்த ஆசையின் சந்ததிகள்தாம். தாத்தா சேற்றில் புரண்டவர். பேரனுக்கு லாக்கர் பூசுகிறோம்.

ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' 1974-ல் வந்தது. அதில் ஒரு இடம் உண்டு. நண்பரின் விலையுயர்ந்த பிஎம்டபிள்யூவில் ஹேண்டில்பார் பிடிப்பில்லாமல் நழுவுகிறது. கதை சொல்பவர், காலி பீர் டின்னிலிருந்து ஒரு தகடு வெட்டிச் சொருகலாம் என்கிறார். நண்பருக்கு மூஞ்சி சுருங்கிவிடுகிறது. என் பிஎம்டபிள்யூவுக்குப் பீர் டின்னா? அந்த அலுமினியத் தகடு வேலைக்கு மிகப் பொருத்தமானது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. நண்பர் பார்த்தது கௌரவத்தை, இவர் பார்த்தது வேலையை. நம்முடைய வீடியோக்கள் நண்பர் கட்சி.

நியாயமாகவும் பேச வேண்டும். பல்பு ஃபியூஸ் போனாலே போன் போட்டு ஆளைக் கூப்பிடுகிற காலத்தில், ஒரு மனுஷன் உட்கார்ந்து நூறு போல்ட்டைக் கழற்றி, எது எங்கே இருந்தது என்று ஞாபகம் வைத்து, திரும்பப் பூட்டுகிறானே, அது சாதாரணமில்லை. குப்பைக்குப் போக வேண்டியது பிழைக்கிறது. அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு. கைவேலையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கை எதை நோக்கிப் போகிறது என்பதில்தான்.

நான் காமர்ஸ் படித்தவன். எங்கள் பாஷையில் சொன்னால், சைக்கிளோ குட்டி மோட்டார்சைக்கிளோ, பிள்ளை கற்றுக்கொள்கிற வண்டி செலவுக் கணக்கில் எழுத வேண்டியது. அது தேய வேண்டும். தேயத் தேயப் பிள்ளை வளர வேண்டும். அதைச் சொத்துக் கணக்கில் ஏற்றிவிட்டால் போச்சு. அப்புறம் ஒவ்வொரு கீறலும் நஷ்டம். பிள்ளை விழுந்தால் முதலில் டாங்க்கைப் பார்ப்போம். பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. அப்பா முதலில் எதைப் பார்த்தார் என்பதைக் கவனித்துவிடுவார்கள். அடுத்த நாள், 'வேண்டாம்ப்பா, கால் வலிக்குது' என்பார்கள்.

நம்மில் பலர் சைக்கிள் கற்றது வாடகை சைக்கிளில். ஞாபகம் இருக்கிறதா? மட்கார்டு இல்லை, பெல் இல்லை, சீட்டில் ஸ்பாஞ்ச் இல்லை. பாருக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல். மணிக்கணக்கில் காசு. சாக்கடையில் விழுந்தால் முட்டியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினோம். அதில் புதிதாக ஒரு கீறல் விழ இடமே இல்லை என்பதுதான் அந்த சைக்கிளின் மகிமை. ஆனால் ஒன்று, கடைக்காரர் பிரேக்கை மட்டும் சரியாக வைத்திருப்பார். அவருக்கு சைக்கிள் திரும்பி வர வேண்டுமே!

நம்ம ஊரிலும் இப்போது ஆர்எக்ஸ் 100 காய்ச்சல். 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டியைத் தேடிப் பிடித்து, க்ரோம் பூசி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்துத் துடைத்து உள்ளே வைக்கிறார்கள். அது பெரியவர்கள் சமாசாரம், அவரவர் காசு, அவரவர் ஆசை. நான் குறுக்கே வரவில்லை.

ஆனால் பிள்ளைக்காக என்று சொல்லி ஒரு பழைய வண்டியைத் தொடுகிறீர்களா? குட்டி சைக்கிளாக இருந்தாலும் சரி. கேபிள், பிரேக், டயர். அப்புறம் எஞ்சின். அந்த ஸ்க்ரூவையும் வளையத்தையும் கழற்றாதீர்கள். நல்ல ஹெல்மெட்டுக்குப் பெயின்ட் பட்ஜெட்டிலிருந்து எடுங்கள். மிச்சம் இருந்தால் பெயின்ட், அதுவும் பிள்ளை கேட்கிற கலரில்.

எல்லாம் முடிந்த பிறகு, முதல் கீறலை நீங்களே போட்டுவிடுங்கள். சாவியால் லேசாக ஒரு கோடு போதும். அப்புறம் பயமில்லாமல் விழலாம், இரண்டு பேருமே.