வெடித்தது என்றொரு வினைமுற்று

துப்பாக்கி வெடித்தது. இரண்டே சொற்கள். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. தமிழாசிரியர் முழு மதிப்பெண் தந்துவிடுவார். ஆனால் வாக்கியத்தில் மனிதனைக் காணோம். போலீஸ்காரர் ஒருவரின் கையிலிருந்த ஆயுதத்திலிருந்து குண்டு கிளம்பி, எதற்கும் சம்பந்தமில்லாத ஒருவர் செத்துப்போகும் ஒவ்வொரு தடவையும் மறுநாள் பத்திரிகையில் இந்த வாக்கியமோ, இதன் உடன்பிறப்புகளான 'குண்டு பாய்ந்தது', 'கை தவறியது', 'எதிர்பாராத விதமாக' என்பவையோ வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கவிதையும் விமர்சனமும் வெளியிடும் ஒரு சிற்றேட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: இது முதலில் ஒரு வாக்கியம். வாக்கியங்களைப் பற்றிப் பேசத்தான் நாம் கூடியிருக்கிறோம்.

ஆங்கிலத்தில் இந்தக் காரியம் சுலபம். செயப்பாட்டு வினையைப் போட்டுவிட்டால் கர்த்தா கழன்றுகொள்வான். அரசியல் ஆங்கிலம் எப்படிப் பொய் சொல்கிறது என்று 1946-ல் எழுதிய ஆர்வெல், 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். யானையைச் சுட்ட கதையை 1936-ல் எழுதியபோது, பின்னால் நின்ற கூட்டம்தான் தன்னைச் சுடவைத்தது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் சுட்ட வினைக்குத் தானே எழுவாயாக நிற்கிறார். தமிழில் விஷயம் இன்னும் சிக்கலானது. நம் வினைமுற்றின் வாலிலேயே ஆள் தொங்குகிறான். சுட்டான், சுட்டாள், சுட்டார். எழுவாயை விழுங்கினாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே தமிழில் பொய் சொல்ல வேண்டுமென்றால் ஒரு வழி, உயர்திணையை அஃறிணைக்கு மாற்றுவது. துப்பாக்கியைக் கர்த்தா ஆக்குவது. ஆங்கிலம் ஆளை ஒளித்துவைக்கிறது. தமிழ் இரும்புக்கு உயிர் கொடுக்கிறது. துணிச்சலான காரியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர் 8-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் அலிகரில், பாஸ்போர்ட் விசாரணைக்காக ஒரு பெண்மணி போலீஸ் நிலையத்துக்குப் போகிறார். காகிதங்கள் சரிபார்க்கப்படக் காத்து மேஜைக்கு எதிரே நிற்கிறார். ஒரு போலீஸ்காரர் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்து துணை ஆய்வாளரிடம் கொடுக்கிறார். இவர் அதை வாங்கி, மேல்தகட்டைப் பின்னுக்கு இழுக்கிறார். சில கணங்களில் பெண்மணி தலையில் குண்டுபட்டு விழுகிறார். சில நாட்களில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அறையிலிருந்த சி.சி.டி.வி. எல்லாவற்றையும் பதிவுசெய்திருக்கிறது. அந்தக் காட்சியை வாக்கியங்களாக எழுதிப் பாருங்கள். கொடுத்தார், வாங்கினார், இழுத்தார் என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறார். கடைசி வினைக்கு மட்டும் ஏன் திடீரென்று ஆள் மாயமாக வேண்டும்?

யந்திரத்தின் பக்கம் நின்று பார்த்தாலும் இந்த மாயத்துக்கு ஆதாரம் குறைவு. பழுதான ஆயுதம் தானே வெடிப்பதுண்டு. ஆனால் அது பரிசோதித்துச் சொல்லக்கூடிய ஸ்தூலமான விஷயம். மற்றபடி நல்ல நிலையிலிருக்கும் துப்பாக்கி வெடிக்கத் தோட்டா உள்ளே ஏற்றப்பட்டிருக்க வேண்டும், விசை இழுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் விரல்கள் செய்யும் காரியங்கள். அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பிரபலப்படுத்திய நான்கு விதிகள் இன்று உலகத்தின் பல போலீஸ் பயிற்சிக் கூடங்களில் புழங்குகின்றன. எல்லாத் துப்பாக்கியும் தோட்டா ஏற்றப்பட்டதே என்று கொள்; அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல்வாயைத் திருப்பாதே; குறி கண்ணில் நிலைக்கும்வரை விரலை விசையில் வைக்காதே; குறி எது, அதன் பின்னால் இருப்பது எது என்று தெரிந்துகொள். இவை நான்கும் ஏவல் வாக்கியங்கள். துப்பாக்கியை நோக்கி ஒரு விதிகூடச் சொல்லப்படவில்லை. இதிலொரு நுட்பமும் இருக்கிறது. ஒரு விதி தவறினாலும் மற்றொன்று காப்பாற்றிவிடும். ஒரு மனிதர் சாக வேண்டுமென்றால் ஒரே கணத்தில் இரண்டு மூன்று விதிகள் சேர்ந்து மீறப்பட்டிருக்க வேண்டும். 'எதிர்பாராத விதமாக' என்று எழுதுகிறோமே, விதி எழுதியவன் இதை எதிர்பார்த்துத்தானே எழுதினான்?

பிரிட்டிஷ் ராணுவம் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கவனக்குறைவான வெடிப்பு'. யார்மீதும் படாவிட்டாலும் அது அங்கே குற்றம். அமெரிக்கப் போலீஸ் இலாகாக்களில் அதிகம் புழங்கியது 'தற்செயல் வெடிப்பு'. ஒரு பெயரடை மாறினால் கேட்கப்படும் கேள்வியும் மாறிவிடுகிறது. முதலாவது, யார் என்று கேட்கிறது. இரண்டாவது, என்ன செய்ய முடியும் என்று கையை விரிக்கிறது.

2014 நவம்பர் 20-ஆம் தேதி இரவு, நியூயார்க்கின் புரூக்ளினில் பிங்க் ஹவுஸஸ் என்னும் அரசுக் குடியிருப்பில், விளக்கு எரியாத படிக்கட்டொன்றில் அகாய் கர்லி என்ற 28 வயது இளைஞர் தோழியுடன் இறங்கிக்கொண்டிருந்தார். மேல்தளத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்த பீட்டர் லியாங் என்ற புதுப் போலீஸ்காரர் துப்பாக்கியை உருவியபடி இருந்தார். குண்டு சுவரில் பட்டுத் தெறித்து கர்லியின் மார்பில் இறங்கியது. போலீஸ் கமிஷனர் மறுநாளே அதைத் தற்செயல் என்ற பொருளில்தான் பேசினார். வழக்கு நடந்தபோது, ஏதோ சத்தம் கேட்டுத் திடுக்கிட்டேன், வெடித்துவிட்டது என்றே லியாங்கும் சாட்சி சொன்னார். ஆனால் நியூயார்க் போலீஸ் அப்போது தன் துப்பாக்கிகளின் விசையை வேண்டுமென்றே கடினமாக்கி வைத்திருந்தது. இழுக்கக் கிட்டத்தட்ட 12 பவுண்டு, ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ விசை தேவை. சாதாரணமாக வரும் துப்பாக்கியைப்போல் இரண்டு மடங்கு. ஜூரர்கள் தங்கள் அறையில் அந்த விசையைத் தாங்களே இழுத்துப் பார்த்தார்கள். பிறகு, 2016 பிப்ரவரியில், குற்றவாளி என்றார்கள். நான் அறிந்தவரையில் இதைவிடச் சிறந்த இலக்கிய விமர்சனம் நடந்ததில்லை. ஒரு வாக்கியம் உண்மையா என்று விரலால் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே நண்பர்கள் காம்யுவைக் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தெரியும். வரட்டும். 1942-ல் வந்த 'அந்நியன்' (தமிழில் வெ. ஸ்ரீராம், 1980) நம்மில் பலருக்கு வேதம். கடற்கரைக் காட்சியில் மெர்சோ சுட்டான் என்று காம்யு எழுதுவதில்லை. விசை இணங்கிக் கொடுக்கிறது, எழுவாய் விசைதான். அபத்தத்தின் உச்சம் என்று நாம் வியந்த இடம். போலீஸ் செய்திக்குறிப்பும் காம்யுவும் ஒரே இலக்கணத்தில் எழுதுகிறார்கள் என்றால் ஒன்றை ஏன் இலக்கியம் என்றும் மற்றொன்றை ஏன் பொய் என்றும் சொல்கிறோம்?

பதில் அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது. மெர்சோ இன்னும் நான்கு தடவை சுடுகிறான். அந்த நான்குக்கும் 'நான்' எழுவாயாக வந்துவிடுகிறது. முதல் குண்டுக்கும் இரண்டாவது குண்டுக்கும் நடுவிலிருக்கும் இடைவெளியைத்தான் விசாரணை நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்கிறார். காம்யு கர்த்தாவை ஒளித்துவைப்பது அவனை வெளியே இழுத்துக் காட்டுவதற்காக. அது மட்டுமல்ல. அந்தத் துப்பாக்கி மெர்சோவுடையது அல்ல, ரேமோனுடையது. அசம்பாவிதம் நேரக் கூடாது என்று இவனே கேட்டு வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டது. கை மாறிய வரலாறு முழுவதும் நாவலில் சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. செய்திக்குறிப்போ முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் காம்யுவுக்கும் ஒரு பாக்கி இருந்தது. செத்தவனுக்கு அவர் பெயர் வைக்கவில்லை. அவன் வெறும் 'அரபு'. அந்தப் பெயரை வைக்க 2013-ல் கமேல் தாவூத் என்ற அல்ஜீரிய எழுத்தாளர் தனி நாவலே எழுத வேண்டியிருந்தது.

எனவே நம் சூழலிடம் எனக்கு ஒரு புகார் உண்டு. அபத்தத்தை ஒரு தத்துவமாக அல்லாமல் ஒரு வசதியாக நாம் வாங்கிக்கொண்டுவிட்டோம். நம் கதைகளில் கத்தி இறங்குகிறது, லாரி மோதுகிறது, கிணறு விழுங்குகிறது. வினைகளை அஃறிணைக்குக் கொடுத்துவிட்டு அதன்மேல் இருண்மையைப் பூசி, பிரக்ஞை என்று பெயரிடுகிறோம். சுவரில் மாட்டிய துப்பாக்கி கதை முடிவதற்குள் வெடித்தே தீர வேண்டும் என்ற செகாவின் யோசனையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது கதையின் சிக்கனம் பற்றிய யோசனை. அதை உலகத்தின் விதியாக எடுத்துக்கொண்டவனுக்குத் துப்பாக்கி வெடிப்பது இயற்கையாகிவிடும். ஆயுதக் கிடங்கின் தர்மம் இதற்கு நேர் எதிர்: மாட்டிய துப்பாக்கி வெடிக்கவே கூடாது.

மாற்றாக எனக்குத் தோன்றுவது குரோஸவாவின் 1949-ஆம் வருடப் படம், 'தெருநாய்'. கோடைப் புழுக்கத்தில் டோக்கியோ பஸ் ஒன்றில் முரகாமி என்ற இளம் துப்பறிவாளனின் கோல்ட் துப்பாக்கி பிக்பாக்கெட்டில் போய்விடுகிறது. உள்ளே ஏழு தோட்டாக்கள். எவனோ ஒரு திருடன் அவற்றைச் சுடச் சுட, இவன் மிச்சத்தை எண்ணிக்கொண்டிருக்கிறான். பயிற்சித் திடலில் தான் சுட்ட குண்டை அடிமரத்திலிருந்து தோண்டியெடுத்து, காயம்பட்டவர் உடலில் கிடைத்ததோடு ஒப்பிடக் கொடுக்கிறான். சுட்டது இவன் அல்ல. இருந்தும் 'என் துப்பாக்கி' என்ற சொல்லை அவனால் விட முடியவில்லை. மேலதிகாரி இவனுடைய ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப்போட்டு, போய் வேலையைப் பார் என்கிறார். பொறுப்பு என்பதைக் குற்றவுணர்ச்சியின் சுகத்திலிருந்து பிரித்து, செய்ய வேண்டிய காரியமாக மாற்றிய காட்சி அது.

ஆனால் எல்லாவற்றையும் ஒரு விரலின் தலையில் கட்டிவிட்டு ஸ்தாபனம் தப்பிப்பதும் இதே இலக்கண மோசடியின் இன்னொரு பக்கந்தான். புரூக்ளினில் விளக்கு ஏன் எரியவில்லை? அனுபவமில்லாத இருவரை ஜோடியாக அங்கே அனுப்பியது யார்? படிக்கட்டு ரோந்தில் துப்பாக்கியை உருவுவதா வேண்டாமா என்பதை அவரவர் இஷ்டத்துக்கு விட்டது யார்? முதலுதவிப் பயிற்சி பெயரளவில்தான் நடந்தது என்ற சாட்சியமும் அந்த வழக்கில் வந்தது. எத்தனையோ பேர் தப்பித்த இடத்தில் எங்கள் பையனை மட்டும் பலியாக்குகிறீர்கள் என்று சீன அமெரிக்கர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். 2016 ஏப்ரலில் நீதிபதி குற்றத்தின் தரத்தைக் குறைத்தார். ஐந்து வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 800 மணிநேர சமூக சேவை. சிறை இல்லை. கர்லியின் குடும்பத்துக்கு இது நியாயமாகப்படவில்லை. லண்டன் பிரிக்ஸ்டனில் 1985 செப்டம்பர் 28-ஆம் தேதி மகனைத் தேடி வீடு புகுந்த போலீஸ், தாய் செர்ரி குரோஸைச் சுட்டது. இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனார். சுட்ட அதிகாரி 1987-ல் விடுதலை. அந்த அம்மாள் 2011-ல் இறந்த பிறகு, 2014-ல் நடந்த மரண விசாரணைதான் போலீஸின் திட்டமிடலிலேயே கோளாறு இருந்தது என்று சொன்னது. ஸ்தாபனம் எழுவாயாக வர இருபத்தொன்பது வருஷம்.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன். ரொக்கப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. இது யாருடைய ஒழுக்கத்தின்மீதும் சந்தேகப்பட்டு வைத்ததல்ல. மனிதக் கை எப்படிப்பட்டது என்ற அறிவினால் வைத்தது. அதே சமயம், மாலையில் கேஷியர் தட்டில் பணம் குறைந்தால் 'பணம் குறைந்தது' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. அவர்தான் கட்ட வேண்டும். சிறு தொகையானாலும் அன்றைய கணக்கு முடியாது. ஏற்பாடும் வேண்டும், ஆளும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க முடியாது. போலீஸிடம் நான் எதிர்பார்ப்பதும் இந்தச் சின்னக் கணக்குதான். சுவரில், தரையில், கூரையில் பட்டு யாருக்கும் காயமில்லாமல் போன குண்டுக்கும் பெயர் போட்டு எழுதப்பட வேண்டும். அடுத்த மாதம் ஒருவர் மார்பில் இறங்கப்போகும் குண்டு அந்தக் குண்டின் தம்பிதான்.

நம் சட்டம் இதை அறியாததல்ல. இந்திய தண்டனைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு விபத்தை மன்னித்தது. ஆனால் சட்டபூர்வமான செயலை, தகுந்த எச்சரிக்கையோடும் கவனத்தோடும் செய்திருந்தால் மட்டுமே. கவனம் இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் 'விபத்து' என்ற சொல்லுக்கே உரிமை. மெக்காலேயின் 1837 வரைவில் இருந்த கவனக்குறைவு மரணம் 1860-ல் நிறைவேறிய சட்டத்தில் விடுபட்டு, 1870-ல்தான் 304-ஏ என்று ஒட்டவைக்கப்பட்டது. அதிகபட்சம் இரண்டு வருடச் சிறை. 2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதை ஐந்தாக்கியிருக்கிறது. வருடங்கள் கூடியிருக்கின்றன, வாக்கியம் அப்படியே இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, 2021 டிசம்பர் 30-ஆம் தேதி துப்பாக்கிப் பயிற்சித் தளத்துக்குப் பக்கத்து ஊரில், தாத்தா வீட்டிலிருந்த பதினொரு வயதுப் பையன் தலையில் குண்டு பட்டது. 2022 ஜனவரி 3-ஆம் தேதி இறந்தான். இந்த மரணத்தைக் கவிதையாக்க யாராவது முன்வரலாம். குண்டைப் பறவையாக்கி, மரணத்தை வானமாக்கி. எனக்கு அது வேண்டாம். யார் சுட்டார், யார் அந்த இடத்தில் சுடச் சொன்னார், ஊருக்கு அவ்வளவு பக்கத்தில் தளத்தை யார் அனுமதித்தார் என்று மூன்று வினைகளை உயர்திணை விகுதியோடு எழுதக்கூடிய உரைநடை முதலில் வேண்டும். அது கைவந்த பிறகு கவிதையைப் பற்றிப் பேசலாம்.