தொட்டிக்குப் பின்னால் இரண்டரை அடி

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். நீர்த்தாவரம் வளர்க்கிறவர்கள் ‘பெரிய தொட்டி’ என்று சொல்லத் தொடங்குவது இந்த அளவிலிருந்துதான். ஏறக்குறைய 680 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 12 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 120 கிலோ வரும். அடிமண், கல், மரக்கட்டை, தாங்கும் ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தொட்டுவிடும். ஓரிடத்தில் வைத்துத் தண்ணீர் நிரப்பிய பிறகு அரை அடி நகர்த்தவும் வழியில்லை. அதனால்தான் இப்படியொரு தொட்டிக்கு ஆசைப்படுகிறவர்கள் வீட்டையே அதற்கேற்ப மாற்றத் துணிகிறார்கள். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருக்கும் சுவரை உடைத்து அந்த இடத்தில் தொட்டியைப் பொருத்துகிறார்கள். டிவி இருந்த சுவரைத் தொட்டிக்கு ஒதுக்குகிறார்கள். மாடிப்படிக்கு அடியில் இருந்த ஸ்டோர் ரூமைத் தியாகம் செய்கிறார்கள்.

இந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் நம் ஊரில் இந்த வேலை நடக்கும் விதத்தில் பெரும்பகுதியை ஏற்க முடியவில்லை. செலவும் கவனமும் தொட்டியின் முன்பக்கத்துக்கே போகின்றன. தொட்டியை உயிரோடு வைத்திருப்பதோ அதன் பின்பக்கம்.

நீர்த்தாவரத் தொட்டிக் கலைக்கு இன்றைய வடிவத்தைத் தந்தவர் ஜப்பானியரான தகாஷி அமானோ. 1954இல் பிறந்த அவர் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர், நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர். 1982இல் ஏ.டி.ஏ. என்ற நீர்த்தாவரத் தொட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். நீகாட்டாவில் இருந்த தன் வீட்டுக்குள்ளேயே நான்கு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் கொண்ட தொட்டியை வளர்த்தார். ஏறக்குறைய 9,000 லிட்டர். 2015இல், அவர் இறந்த அதே ஆண்டில், லிஸ்பன் கடல்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத் தொட்டி ஒன்றை அமைத்துக் கொடுத்தார். உலகெங்கும் வீட்டுச் சுவர்கள் உடைபடுவதற்கு அவருடைய புகைப்படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் படங்களில் குழாய் தெரியாது, வாளி தெரியாது, செடியைக் கத்தரிக்கும் கை தெரியாது. படமெடுக்கும்போது உபகரணங்களை வெளியே எடுத்துவிடுவது இத்துறையில் எல்லாரும் செய்வதுதான். படத்தைக் காட்டி ‘இதே மாதிரி வேண்டும்’ என்று கேட்கும்போது, படத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவற்றுக்கு வீட்டில் இடம் ஒதுக்க எவருக்கும் தோன்றுவதில்லை.

குறைகளுக்கு முன் இப்படியொரு தொட்டியின் நன்மைகளைச் சொல்லிவிட வேண்டும். நன்றாக வளர்ந்த செடித்தொட்டியை மாலையில் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: விளக்கு எரியத் தொடங்கிச் சில மணி நேரம் ஆனதும் இலைகளின் அடியில் குண்டூசித் தலை அளவு குமிழிகள் திரளும். தண்ணீரில் ஆக்சிஜன் கரையும் அளவு நிறைந்துவிட்டதால், செடி வெளியிடுவது குமிழியாகவே நிற்கிறது. ஒவ்வொன்றாக விடுபட்டு மேலே போகும். பள்ளிப் பாடத்தில் வரி வரியாகப் படித்த ஒளிச்சேர்க்கையை ஒரு குழந்தை இங்கே கண்ணால் பார்க்கிறது. மீனுக்கும் இது வெறும் அலங்காரமல்ல. அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் செடிகள் உணவாக எடுத்துக்கொள்கின்றன. வெறும் கூழாங்கல்லும் பிளாஸ்டிக் செடியும் போட்ட தொட்டியில் மீன் மிரண்டு மூலையில் ஒண்டும். செடிகளுக்கு நடுவே அதே மீன் கூட்டமாக நீந்தும், சண்டையிடும், முட்டையிடும். தொட்டி பெரிதாக இருந்தால் வெப்பமும் நீரின் தன்மையும் மெல்லத்தான் மாறும். சின்னத் தொட்டியில் ஒரே நாளில் நடந்துவிடும் கேடு இங்கே சமாளிக்க அவகாசம் கொடுக்கும். எல்லாரும் டிவியைப் பார்த்து உட்காரும்படி அமைந்த ஹால், உயிருள்ள ஒன்றைப் பார்த்து உட்காரும்படி மாறுவது சின்ன விஷயமல்ல. சுவரை இடிக்கும் அளவுக்கு இது பெறுமானமுள்ளதுதான்.

இனி கவனிக்க வேண்டியவை. முதலாவது பளு. குடியிருப்புத் தளங்களுக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் பயன்பாட்டுப் பளு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. நம் ஆறடித் தொட்டியோ ஒரு சதுர மீட்டரும் கொஞ்சமும் உள்ள இடத்தில் ஒரு டன்னை இறக்குகிறது. தளம் உடனே உடைந்துவிடும் என்று பொருளல்ல. 200 கிலோ என்பது அறை முழுதும் பரவியிருக்கக்கூடிய பளு. தொட்டியைச் சுவரோரமாக, அடியில் பீம் ஓடும் இடத்தில், பில்லருக்குப் பக்கத்தில் வைத்தால் நிலைமை வேறு. ஹாலின் நடுவில் தீவு போல வைத்தால் வேறு. எங்கே பீம் ஓடுகிறது என்பதைக் கட்டட வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். ‘நான் பார்த்துக்கிறேன் சார்’ என்று மேஸ்திரி சொல்வது போதாது. பழைய சென்னை வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் மாடிகள், தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லையும் சுண்ணாம்பையும் அடுக்கிக் கட்டியவை. அங்கே மாடியில் இந்த எண்ணமே கூடாது.

உடைக்கும் சுவர்கள் எல்லாமும் ஒன்றல்ல. பில்லர், பீம் வைத்துக் கட்டிய அடுக்குமாடியில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரைத் திறந்து, மேலே லின்டல் போட்டுவிடலாம். இப்போது எழும்பும் பல உயரமான குடியிருப்புகளோ மிவான் முறையில் வார்த்தவை. அவற்றில் சுவரே கான்கிரீட், சுவரேதான் கட்டடத்தைத் தாங்குகிறது. அங்கே ஜன்னல் அளவு திறப்பதும் மேலே குடியிருப்பவர்களின் பாதுகாப்பில் கைவைப்பதாகும்.

சுவருக்குள் பதித்த தொட்டியைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். என் குறைகளில் பெரியதும் அதன் மேல்தான். சென்னையில் ஒரு ஃப்ளாட்டில் பார்த்தது: ஹாலிலிருந்தும் படிக்கும் அறையிலிருந்தும் தெரியும்படி இரண்டு பக்கமும் கண்ணாடி, சுற்றிலும் வெனீர் ஒட்டிய பிளைவுட் சட்டம். விளிம்பே தெரியாதபடி ஃபால்ஸ் சீலிங்கிலிருந்து ஜிப்சம் பலகையைக் கீழே இறக்கியிருந்தார்கள். தொட்டியின் வாய்க்கும் அந்தப் பலகைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. அதற்குள் கையை விட்டால் முழங்கையை மடக்க முடியாது. செடியைக் கத்தரிக்க, அடியில் சேர்ந்த அழுக்கை உறிஞ்ச, கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்ட, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சாண்தான் வழி. ஆவி மேலே போய்ப் பலகையின் அடியில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. முன்னால் தரையோடு படர்ந்திருக்க வேண்டிய செடி ஒரு முழம் உயர்ந்து, அதன் அடி இலைகள் நிழலில் அழுகிக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் சோம்பேறி இல்லை. கை எட்டாத இடத்தில் வாரா வாரம் எவராலும் வேலை செய்ய முடியாது.

இரண்டு பக்கமும் தெரியும் தொட்டியில் குழாயை மறைக்கப் பின்புறம் என்ற ஒன்றே இல்லை. உயரத்தின் மீதுள்ள மோகமும் இந்தத் தவற்றோடு சேர்ந்தே வருகிறது. உள் அலங்காரம் செய்கிறவர்களுக்கு மூன்றடி உயரத் தொட்டி பிடிக்கும், சுவரில் கம்பீரமாகத் தெரியும் என்பதால். செடிக்கு உயரம் எதிரி: ஆழம் கூடக்கூட அடியை எட்டும் வெளிச்சம் குறையும், நடுகிறவரின் அக்குள் வரை நனைந்தாலும் விரல் மண்ணைத் தொடாது. செடிக்கும் கண்ணுக்கும் வேண்டியது முன்னிருந்து பின்னாக உள்ள அகலம். ஆழமான காட்சி என்ற மயக்கம் அந்த அகலத்தில்தான் பிறக்கிறது. அமானோவின் நிறுவனம் விற்கும் ஆறடித் தொட்டியின் அளவு 180×60×60 சென்டிமீட்டர். உயரமும் அகலமும் சமம். இந்த ஒரு விகிதத்தைக் கடைப்பிடித்தாலே பாதித் தொல்லை குறையும்.

இனி தண்ணீர். செடித்தொட்டியில் வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மாற்றுவது பொதுவான வழக்கம். நம் கணக்கில் 200 லிட்டருக்கும் மேல். செடிகளில் பலவும் மென்னீர் கேட்பவை. சென்னையின் போர் தண்ணீரோ பல பகுதிகளில் குழாய் வாயில் வெள்ளை உப்பு பூக்கும் அளவுக்குக் கடினமானது. ஆகவே ஆர்.ஓ. வைக்கிறார்கள். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு, மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும். 200 லிட்டர் நல்ல தண்ணீருக்காக 400 முதல் 600 லிட்டர் வரை கழிவு, அதுவும் வாரந்தோறும். 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தபோது இந்நகரத்துத் தெருக்களில் பிளாஸ்டிக் குடங்கள் லாரிக்காக வரிசை கட்டி நின்றதைப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் இருக்க முடியாது. இந்தப் பழக்கத்தின் மேல் வைக்கக்கூடிய குற்றச்சாட்டுகளில் எனக்கு ஆகக் கனமாகத் தெரிவது இதுதான்.

இதற்கு விடை உண்டு, அதுவும் வீட்டைத் திருத்தும் வேலையோடேயே முடிந்துவிடக்கூடியது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாயை நிலத்துக்குள் விடுவதற்கு முன் ஒரு கிளை பிரித்து, முதல் மழையைக் கழித்துவிட்டு, 5,000 லிட்டர் டேங்கில் பிடித்து மூடி வைத்தால் வாரம் 200 லிட்டர் வீதம் 25 வாரம் ஓடும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததிலிருந்து ஜூன் வரை வருகிறது. கொஞ்சம் போர் தண்ணீர் கலந்தால் இன்னும் நீளும். செடிக்கு இயற்கையில் மழைநீரைவிட மென்மையான தண்ணீர் கிடைக்காது. முற்றத்துக் கூரையின் தகரத் தாரைக்குக் கீழே அண்டா வைத்து மழை பிடித்த வீடுகள் நம்முடையவை, இதில் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை. தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரும் வீணல்ல. நைட்ரேட் கலந்த அந்த நீரைத் தோட்டத்துக்குத் திருப்பினால் வாழையும் கறிவேப்பிலையும் அதை ஏற்றுக்கொள்ளும். இதற்கெல்லாம் ஒரு பிளம்பரின் இரண்டு நாள் வேலை போதும். அந்தக் கூலி வெனீர் சட்டத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான்.

அடுத்தது சூடு. வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்கு ஏறிவிடும். பெரும்பாலான செடிகளுக்கு 22 முதல் 26 டிகிரிதான் சுகம். 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 31 டிகிரியில் ஏழரையை ஒட்டி இறங்கிவிடும். மீனுக்கோ அப்போதுதான் மூச்சு அதிகம் வேண்டும். சில்லர் வைத்தால் தண்ணீர் குளிரும், அந்தச் சூடு வேறெங்காவது போயாக வேண்டும். மூடிய பிளைவுட் அலமாரிக்குள் சில்லரை வைத்தால் தான் கக்கிய சூட்டையே அது திரும்ப இழுத்துக்கொண்டு ஓயாமல் ஓடும். செடிக்கு விடும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரையும் இதே அலமாரிக்குள், ஏ.சி.க்காக இறுக மூடிய படுக்கையறையில் வைக்கிறார்கள். வால்வு கசிந்தால் அந்த வாயு தரையோடு தேங்கும். காற்றோட்டமுள்ள இடமே அதற்குச் சரி. சில்லரைத் தவிர்க்க நினைப்பவர்கள் செடியை மாற்றலாம்: அனூபியஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா ஆகியவை நம் வெப்பத்தைத் தாங்கும். நம் ஏரிகளில் வளரும் கொட்டிக்கிழங்கின் இனங்களும் ஆம்பலும் பெரிய தொட்டியில் காட்டும் அழகு, குளிர்ப்பிரதேசத் தோற்றத்தைப் போலி செய்யும் எந்தப் புல்வெளிக்கும் குறைந்ததல்ல.

சரியாகச் செய்த ஒரு வீட்டையும் சொல்ல வேண்டும். திருச்சியில் தரைத்தளத் தனி வீடு. ஹாலின் வடக்குச் சுவரை ஆறடிக்குத் திறந்திருந்தார்கள். தொட்டி சுவரின் மேல் உட்காரவில்லை, தரையிலிருந்து எழுந்த தன் சொந்த ஸ்டாண்டின் மேல் நின்றது. அதற்குப் பின்னால் முன்பு பாத்திரம் அடுக்கிய சின்ன அறையில் இரண்டரை அடி அகலத்துக்கு ஒரு நடை. தரையில் மூலையை நோக்கிச் சரிவு, மூலையில் தண்ணீர் வடிய நானி ட்ராப், சுவரில் இரண்டு குழாய்: ஒன்று மழைநீர், ஒன்று போர். ஃபில்டரும் சிலிண்டரும் ஜன்னலுக்கு அருகே திறந்த நிலையில். பிளக் பாயின்டுகள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, தனி சர்க்யூட், மின்கசிவு வந்தால் அணைத்துவிடும் ஆர்.சி.சி.பி., கரண்ட் போனால் ஃபில்டரை மட்டும் ஓட்டும் இன்வெர்ட்டர். (ஃபில்டர் சில மணி நேரம் நின்றாலே உள்ளிருக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா மூச்சுமுட்டிச் சாகத் தொடங்கும்.) வீட்டம்மா ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, பேசிக்கொண்டே செடியை வெட்டினார். ஹாலில் உட்கார்ந்திருந்த எங்களுக்குக் கத்தரிக்கோலின் நுனி மட்டும் அவ்வப்போது தெரிந்தது. தண்ணீர் மாற்றும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. அந்தத் தொட்டியின் அழகுக்கு முழுக் காரணம் அந்த நடைதான் என்பேன்.

கடைசியாக, கட்டும்போது எவரும் பேசாத ஒன்று. சிலிக்கான் ஒட்டு என்றென்றைக்கும் நிற்பதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தொட்டியை மாற்ற வேண்டி வரலாம். சுவரையும் சட்டத்தையும் தொட்டியைச் சுற்றிக் கட்டி முடித்த வீட்டில், அன்று மீண்டும் கடப்பாரை எடுக்க வேண்டும். ஆறடித் தொட்டி பெரும்பாலான லிஃப்டுகளில் நுழையாது. படிக்கட்டுத் திருப்பத்தில் நான்கு பேர் சுமந்து திரும்ப இடமிருக்கிறதா என்பதை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். வாடகை வீட்டிலும், விற்றுவிட்டுப் போக எண்ணமுள்ள ஃப்ளாட்டிலும் சுவரைத் தொடாமல், ஸ்டாண்டில் நிற்கும் நான்கடித் தொட்டியோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. கலைக்கும் நாளில் மீனையும் செடியையும் பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வளர வளரத் தொட்டிக்குள் அடங்காத டேங்க் கிளீனர் மீன் இப்படித்தான் நம் நீர்நிலைகளுக்குள் போய்ச் சேர்ந்து, இன்று மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. சென்னைக்காரர்கள் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் விசாரித்தால் வளர்ந்த மீனையும் செடியையும் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடைக்காரர் கிடைப்பார். தொட்டிக்கு முன்பணம் கொடுக்கும் நாளிலேயே அவரிடம் இதைப் பேசி வைத்துவிடலாம்.