கைதட்டலும் ஒரு கேள்வியும்

வடக்கே ஒரு நகரத்தில் நடந்த டிசைன் மாநாட்டில் தமிழ் எழுத்தின் உருவம் பற்றி அரை மணி நேரம் பேசினேன். கை தட்டினார்கள். பேச்சைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அந்தக் கைதட்டலைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

நான் சொன்னதன் சாரம் இது. பெரியார் 1935-ல் குடி அரசில் புகுத்திய எழுத்து மாற்றத்தை 1978-ல் தமிழக அரசு ஓர் ஆணையின் மூலம் ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை, ணை, லை, ளை, னை ஆகப் பதின்மூன்று எழுத்துகள் உருவம் மாறின. பழைய ‘லை’ யானைத் துதிக்கை மாதிரி முன்னே வளைந்து எழும்; கை எழுதிக்கொண்டே போகையில் தானாக வந்து விழுந்த வளைவு அது. அச்சுக்கூடத்தின் ஸௌகரியத்துக்காகக் கையின் அசைவு வெட்டப்பட்டது என்பது என் கட்சி. பழைய புத்தகப் பக்கங்களைத் திரையில் காட்டினேன். கே. எம். ஆதிமூலம் சிறு பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் எழுதிக்கொடுத்த தலைப்பெழுத்துகளையும் காட்டினேன்.

பழைய ‘ணை’ திரையில் பெரிதாக வந்தபோது அரங்கில் ஒரு பெருமூச்சு எழுந்தது. உடனே போன்கள் உயர்ந்தன. முடிந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். நாட்டியக்காரியின் கை மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். இதைப் புடவையில் அச்சிடலாமா என்று கேட்டார் இன்னொருவர். அந்த எழுத்து என்ன ஒலி என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவுமில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தேன், இதில் பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

மதியச் சாப்பாட்டு வரிசையில் ஒரு பெண் தமிழில் பேசினாள். புதுக்கோட்டைப் பக்கம், பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கிற வேலை. “எங்கம்மா அறிவொளியிலதான் சார் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டாங்க, தொண்ணூத்தொண்ணுல. கை, பை, மை எல்லாத்துக்கும் ஒரே குறி. மலைக்கும் விலைக்கும் மட்டும் வேற குறின்னு சொல்லியிருந்தா, ஏன்னு கேட்டிருப்பாங்க. கையோட அசைவுன்னு சொன்னீங்களே, அது யார் கை சார்?”

அழகும் ஸௌகரியமும் விரோதிகளல்ல என்று ஏதோ முனகினேன். அது பதில் அல்ல என்பது இருவருக்கும் தெரியும். சிரித்துவிட்டுத் தட்டோடு நகர்ந்துவிட்டாள்.

ரயிலில் திரும்பும்போது யோசித்தேன். கை தட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள். படிக்கிறவன் எழுத்தைப் பார்ப்பதில்லை. அதன் வழியே போய்விடுகிறான். படிக்கத் தெரியாதவன்தான் வளைவைப் பார்க்கிறான். என் மொழியின் எழுத்தை எழுத்தாக இல்லாமல் ஆக்கி, வெறும் கோடாக அவர்கள் முன் வைத்திருக்கிறேன். அவர்கள் ரஸித்ததில் குற்றமில்லை. அந்த ரஸனையை என் வாதத்துக்குக் கிடைத்த ஒப்புதலாக நான் எடுத்துக்கொண்டதுதான் பிசகு.

அதே மாநாட்டில் காலையில் லோட்டாவைப் பற்றிப் பேசியிருந்தார்கள். 1958-ல் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் லோட்டாவைக் கொண்டாடுகிறார்கள். அந்த அறிக்கையின் பின்விளைவாக 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் ஏற்பட்டது. அவர்கள் லோட்டாவின் வளைவை மட்டும் பார்க்கவில்லை. கையில் எப்படி அமர்கிறது, இடுப்பில் எப்படி நிற்கிறது, எப்படி ஊற்றுகிறது, என்ன விலை என்றெல்லாம் கேட்டார்கள். நான் ‘லை’யைப் பற்றி அந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை. அவள் கேட்டாள்.

அவளிடம் முழுக்கத் தோற்றுவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். சீர்திருத்தத்துக்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன: அச்சுக்கோப்பவருக்குச் சுலபம், கற்பவருக்குச் சுலபம். ஈய எழுத்து போயாகிவிட்டது. யூனிகோடில் ‘லை’ என்பது லகரமும் ஐகாரக் குறியும்தான். அதைப் பழைய உருவத்தில் காட்டுவதா புதிய உருவத்தில் காட்டுவதா என்பது எழுத்துரு செய்கிறவனின் தீர்மானம். ஆக முதல் காரணம் செத்துவிட்டது. இரண்டாவது உயிரோடு இருக்கிறது. நான் அரை மணி நேரம் வாதாடி ஜெயித்தது செத்த காரணத்தை. உயிரோடு இருப்பதன் பக்கம் திரும்பவே இல்லை. கைதட்டல் இதை எனக்குச் சொல்லியிருக்காது.

இது டிசைன்காரர்களின் பிரச்னை மட்டுமல்ல என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். கவிதை புரியவில்லை என்று ஒருவன் சொன்னால், அவனுக்குப் பயிற்சி போதாது என்று நாம் முடித்துவிடுகிறோம். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால், அந்த மௌனத்தை நம் தரத்துக்குச் சான்றாக வைத்துக்கொள்கிறோம். தப்பித் தவறிப் பாராட்டு வந்தால் அதையும் விடுவதில்லை. மூன்றுமே நமக்கு ஸௌகரியம். மூன்றிலும் நாம் எழுதியது பரீக்ஷைக்கு உள்ளாவதில்லை. எழுதியதை உபயோகித்துப் பார்த்த ஒருவன், தன் வாழ்க்கையின் ஒரு துண்டைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்து, இது பொருந்தவில்லையே என்று சொல்லும் இடத்தில்தான் விமர்சனம் தொடங்குகிறது. நம்மிடையே நடக்கும் விமர்சனத்தில் அப்படி ஒரு கேள்வி கடைசியாக எப்போது வந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

மாநாட்டில் வாங்கிய விஸிட்டிங் கார்டுகள் பதினொன்று மேஜையில் கிடக்கின்றன. அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

பேச்சைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆதிமூலத்தின் எழுத்துகள் இருக்கும். பழைய ‘லை’யும் இருக்கும். அது அழகு என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பேச்சு அவளுடைய கேள்வியிலிருந்து தொடங்குகிறது. அதற்குப் பிறகு எழுத வேண்டிய பக்கம் இன்னும் வரவில்லை.